சோக் இழுத்தால்தான் வண்டி ஓடுது: முழு கார்ப்பரேட்டரும் மாத்தணுமா?

கேள்வி: கோபிக்குப் பக்கத்துல தோட்டமுங்க. அப்பா 2005ல எடுத்த நூறு சிசி வண்டி இருக்குது. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்கறேன். ரெண்டு மாசம் ஊருக்கு வர முடியலை, வண்டி சாளையிலேயே நின்னுட்டுது. இப்ப இருபது உதை உதைச்சாத்தான் எடுக்குது. சோக் இழுத்து வெச்சிருந்தா ஓடுது, தள்ளினா ஆஃப் ஆயிடுது. சூடானப்புறமும் ஸ்லோ நிக்க மாட்டேங்குது. பட்டறைல "கார்ப்பரேட்டர் போச்சு, முழுசா மாத்திருங்க"ன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமுங்களா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. சோக் இழுத்தால் ஓடுது, தள்ளினால் நிக்குது என்று எழுதியிருக்கீங்களே, பாதி விடை அதிலேயே இருக்கு. கார்ப்பரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடும் சாமான். சோக் என்பது அதில் காற்றை அடைக்கும் கதவு. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடும். அப்படி வைத்தால்தான் இன்ஜின் உயிரோடு இருக்குது என்றால், சோக் தள்ளிய நிலையில் அதற்குப் பெட்ரோல் பத்தவில்லை, அல்லது எங்கிருந்தோ திருட்டுக் காற்று நுழையுது. முதலாவதுக்கு ஸ்லோ ஜெட் (ஆக்சிலேட்டர் முறுக்காதபோது பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டு) அடைப்புதான் வழக்கமான காரணம். இரண்டாவதுக்கு, கார்ப்பரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் இடத்தில் வெடிப்பு விட்ட ரப்பரோ ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ காரணமாக இருக்கும்.

ரெண்டு மாசம் நின்ற வண்டி என்பதால் எனக்குச் சந்தேகம் ஸ்லோ ஜெட் மேல்தான். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி ஒன்றை விட்டுட்டுப் போகும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க ஒரு துளி பிசின் போதும்.

ஆனால் ஜெட்டைக் கழட்டுவதற்கு முன்னால் காசில்லாத ரெண்டு சோதனை இருக்கு. வண்டி ஆறியிருக்கணும், வெளியில் திறந்த இடமாக இருக்கணும், பக்கத்தில் யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது.

ஒன்று, கார்ப்பரேட்டருக்கு வரும் பெட்ரோல் ஓஸைக் கழட்டி ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறங்க. நூல் பிடிச்ச மாதிரி விடாமல் ஊத்தணும். கொஞ்ச நேரம் ஊத்திச் சொட்டுச் சொட்டாக நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உடனே மறுபடி ஊத்தினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைச்சிருக்கு என்று அர்த்தம். இதில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. பெருந்துறை ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒருதரம் நின்றுபோகும் வண்டிக்கு, ஒரு கடையில் சொன்னதைக் கேட்டுப் புதுக் கார்ப்பரேட்டரே மாட்டினேன். அதுவும் அதே ஏழெட்டு கிலோமீட்டரில் நின்றது. கடைசியில் பார்த்தால் காரணம், வாட்டர் வாஷ் பண்ணியபோது மூடித் துளையில் ஏறிய மண்ணு. பழைய கார்ப்பரேட்டர் இன்னும் அட்டாலியில் கிடக்குது.

இரண்டாவது, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். கழுவிக் காயவைத்த கண்ணாடி டம்ளர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்க. வரும் பெட்ரோலை வெளிச்சத்தில் பாருங்க. அடியில் தனியாக உருண்டு நிற்கும் துளிகள் தண்ணீர். செம்மண் நிறத் தூள் தெரிந்தால் டேங்க் துரு. இந்த ரெண்டில் எது இருந்தாலும், டேங்கைக் கழுவாமல் புதுக் கார்ப்பரேட்டர் மாட்டினால் அதுவும் சீக்கிரமே இதே கதைக்கு வந்துரும்.

ரெண்டிலும் குறை இல்லையென்றால் நல்ல கை ஒருத்தரிடம் கொடுத்து ஜெட்டுகளை மட்டும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. ஸ்லோவுக்கான காற்றளவை வைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கழட்டும் முன், முழுசாக உள்ளே போக எத்தனை சுற்று ஆகுது என்று எண்ணிக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க. அந்த எண்தான் உங்க வண்டியின் செட்டிங். குண்டூசி, சைக்கிள் போக்ஸ் கம்பி எதையும் ஜெட்டுக்குள் விட அனுமதிக்காதீங்க. பித்தளை மிருதுவானது, துளை பெரிசாகிவிட்டால் அப்புறம் பெட்ரோலைக் குடிக்கும். கிளீனர் ஸ்ப்ரேயும் பஞ்சர் கடைக் காற்றும் போதும். ஸ்ப்ரே அடிக்கும் முன் ரப்பர் சாமான்களைக் கழட்டிவிடணும். மாட்டி ஓடவிட்ட பிறகும் ஸ்லோ தடுமாறினால், கார்ப்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளிச்சுப் பாருங்க. ஓசை சட்டென்று மாறினால் அங்கேதான் காற்று நுழையுது.

பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரலை. பழசைப் பிரிச்சுக் கழுவி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும், கூலி சொற்பம். புதுசு மாட்ட கால் மணி நேரம். எந்தப் பக்கம் மனசு சாயும் என்று உங்களுக்கே தெரியும். முழுசாக மாத்த வேண்டிய நிலையும் உண்டு: உள்ளே ஏறி இறங்கும் சிலைடு தேய்ந்து லொடலொடவென்று ஆடுவது, ஜெட் மாட்டும் மரை போய்விடுவது. அதை உங்க கையில் கொடுத்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்க. கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வழிவது மட்டும்தான் குறை என்றால் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசியும் கேஸ்கட்டும் அடங்கிய ரிப்பேர் கிட்டே போதும்.

அப்படியே வாங்க நேர்ந்தால், பொட்டலத்தில் எம்ஆர்பி, தயாரித்தவர் பெயர் முகவரி, மாதம் வருஷம் இருக்குதா என்று பாருங்க. நியூஸ் பேப்பரில் சுத்திக் கொடுப்பதை வாங்காதீங்க. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனில் வருவது, வேறு இன்ஜினுக்கான ஜெட் நம்பரோடு வரலாம். உங்க பழைய ஜெட்டில் பொறிச்சிருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்க்காமல் பணம் கட்டாதீங்க. கழட்டின பழைய சாமானையும் பில்லையும் கேட்டு வாங்குங்க. பில் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் (எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்) திரும்ப எடுக்க மறுப்பதும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

கேள்வி: தாராபுரத்துலிருந்து எழுதறேன். இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல்னாலதான் பழைய வண்டிக் கார்ப்பரேட்டர் கெடுதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

பதில்: கொஞ்சம் நெசம், மீதி பயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர், உலோகச் சாமான்களோடு வண்டிகள் வருவது 2023 ஏப்ரலிலிருந்துதான். உங்களுடைய பழைய ரப்பர் ஓஸ், ஓ-ரிங் உப்பலாம், வெடிப்பு விடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தாங்கும் அளவை மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிஞ்சு நிற்கும். அதனால் வண்டியை மாசக்கணக்கில் நிறுத்தப் போறீங்க என்றால் டேப்பை மூடி, கிண்ணத்தை வடிச்சுவிட்டுப் போங்க. தினம் ஓடும் வண்டிக்கு இதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

பங்க் மேலேயே சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தாளில் ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் ஆவியாகணும். அளவில் சந்தேகமென்றால் 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். ரெண்டுக்கும் காசு இல்லை.

கேள்வி: நாமக்கல்லுங்க. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினா எழுபது வளைவுக்குள்ள வண்டி முக்குது, புகை கறுப்பா வருது. கீழ வந்தா சரியாயிடுது. ஜெட் மாத்தணுமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. மேலே போகப் போகக் காற்று மெலிசாகுது, கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட அளவு பெட்ரோலையே விடுது. காற்றுக்குப் பெட்ரோல் கூடிப்போறதால்தான் முக்குது, புகை கறுக்குது. மாசம் ஒருதரம் மலைக்குப் போறவருக்காக ஜெட்டைச் சின்னதாக்கினால் நாமக்கல்லில் வண்டி இழுக்காது, பிளக்கும் வெளுத்துப் போகும். ஏர் ஃபில்டரைக் கழட்டித் தூசி இருக்குதா என்று பாருங்க, சோக் முழுசாகத் திரும்புதா என்றும் பாருங்க. இது ரெண்டும் சரியாக இருந்தால் ஒரு கியர் குறைச்சு ஏறுங்க.