மஞ்சக்குப்பத்து மாடியில் கொழுப்புக்கட்டி

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கனடாவில் இருக்கும் என் அக்கா மகள் பனிக்காலத்தில் மாட்டுக்கொழுப்பு உருண்டைகளைக் கம்பி வலைக்குள் போட்டுத் தோட்டத்தில் தொங்கவிடுகிறாள். சின்னச் சின்னக் குருவிகள் வந்து கொத்தும் வீடியோவை அனுப்பினாள். எனக்கும் ஆசை வந்தது. மல்லாட்டையை (வேர்க்கடலையை) வறுத்து இடித்து, டால்டாவும் கொஞ்சம் நெய்யும் உருக்கிக் கலந்து, இட்லித் தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் உறைய வைத்து மாடிச் சுவரில் வைத்தேன். மைனாவும் தவிட்டுக்குருவியும் வந்தன. பத்து மணிக்குள் எல்லாம் உருகி வழிந்துவிட்டது. "டாக்டர் நமக்கே கொழுப்பைக் குறைக்கச் சொல்கிறார், நீ குருவிக்கு ஏற்றுகிறாயா" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். பாடும் பறவைகளுக்குக் கொழுப்பு நல்லதா, கெடுதலா? கொடுப்பதென்றால் எந்த எண்ணெய்? கத்திரி வெயிலில் அவை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது பசியாலா?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்குமான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. அது பசி இல்லை, சூடு. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூட்டை இறக்க வேண்டுமானால் வாயைத் திறந்து, மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு, உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் அதற்கு வேண்டியது நிழலும் தண்ணீரும். நீங்கள் வைத்ததோ, நல்ல மனசோடுதான், டால்டா.

கனடாவில் அது ஏன் சரியாக இருக்கிறது என்று பார்ப்போம். அங்கே உங்கள் அக்கா மகள் வீட்டுக்கு வருவதில் அநேகமாகச் சிக்கடி என்ற கருந்தலைக் குருவி இருக்கும். எடை 11, 12 கிராம். உடம்பின் உள்வெப்பம் 41, 42 டிகிரி செல்சியஸ், பெரும்பாலான பாடும் பறவைகளுக்கு இப்படித்தான். வெளியே இரவில் மைனஸ் 20 என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் 60 டிகிரி வித்தியாசம், நடுவில் இருப்பது கொஞ்சம் சிறகும் தோலும் மட்டும்தான். நம் கைக்குழந்தைகளுக்கு உடம்பைச் சூடாக்கவென்றே இருக்கும் பழுப்புக் கொழுப்பு பறவைகளிடம் இல்லை, அதனால் அது நெஞ்சுத் தசையை நடுங்கவைத்து நடுங்கவைத்தே சூடு உண்டாக்குகிறது. ராத்திரி முழுக்க. அந்த நடுக்கத்துக்கு எரிபொருள் பகலில் தின்று சேர்த்த கொழுப்பு. விடியும்போது இந்தச் சிறிய பறவைகள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இழந்திருக்கும். அதுவும் போதாமல், சிக்கடி ராத்திரியில் தன் உடல் வெப்பத்தையே 10 டிகிரி அளவுக்கு இறக்கிவிட்டு எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது. அப்படி ஒரு இரவைத் தாண்டி எழுந்து வருகிற குருவிக்குக் காலையில் கொழுப்பு உருண்டை கிடைத்தால் அது உயிர்.

கொழுப்புதான் ஏன், மாவுச்சத்து ஏன் இல்லை என்றால், 1 கிராம் கொழுப்பு எரிந்தால் ஏறக்குறைய 9 கிலோகலோரி, மாவுச்சத்தும் புரதமும் தருவது 4தான். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. மாவுச்சத்தை உடம்பில் சேமித்தால் அதன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், கொழுப்புக்கு அந்தச் சுமை கிடையாது. பறக்கிற உயிருக்கு இது எவ்வளவு முக்கியம் பாருங்கள். வட அமெரிக்காவில் 12 கிராம் எடையுள்ள ஒரு கதிர்க்குருவி, கிளம்புவதற்கு முன்னால் கொழுத்துக் கொழுத்து எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, அட்லாண்டிக் கடலுக்கு மேலே எங்கும் இறங்காமல் 2,500 கிலோமீட்டர் போல, இரண்டு மூன்று நாட்களில் கடக்கிறது. முதுகில் துளியூண்டு கருவியைக் கட்டி அனுப்பி 2015-இல் உறுதி செய்தார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியலில் 20, 21 டிகிரி இருக்கும். நாம் மப்ளர் கட்டிக்கொள்வோம். குருவிக்கும் அது கொஞ்சம் குளிர்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். பல சிறு பறவைகளுக்குக் கூடுதல் எரிபொருள் செலவில்லாமல் இருக்கக்கூடிய வெப்பநிலையின் கீழ் எல்லை 25 டிகிரியை ஒட்டி இருக்கும், பறவைக்குப் பறவை மாறும். அதற்குக் கீழே போனால் கொஞ்சம் அதிகமாக எரிக்க வேண்டும். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குப் புழு, பூச்சி, புல் விதை போதும். சிறகை உப்பிக்கொண்டு வெயில் வரும்வரை உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தேவைக்கு மேலே கொழுப்பு கிடைத்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். பறவைக்கு எடை இலவசம் இல்லை. இங்கிலாந்தில் பூச்சிமருந்தால் குருவிப் பருந்துகள் இல்லாமல் போன வருடங்களில் பட்டாணிக் குருவியின் உறவுக்காரப் பறவை ஒன்று எடை கூடியிருந்தது, பருந்துகள் திரும்பி வந்ததும் மெலிந்தது, 1995-இல் வந்த ஆய்வு இது. கொழுத்த பறவை எழும்பிப் பறப்பதில் மந்தம், மந்தமானதைப் பருந்து தூக்கிவிடும், அதனால் பசிக்கும் பருந்துக்கும் நடுவே எவ்வளவு சுமப்பது என்று பறவையே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. மஞ்சக்குப்பத்திலும் வல்லூறு உண்டு, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நீலச்சிட்டுகளுக்குக் குளிர்காலம் முழுக்கக் கொழுப்பு வைத்துப் பார்த்தார்கள், சில காடுகளில் வெறும் கொழுப்பு, சிலவற்றில் கொழுப்போடு வைட்டமின் ஈ, சிலவற்றில் ஒன்றும் இல்லை. 2013-இல் முடிவுகள் வந்தன. வெறும் கொழுப்பு தின்ற இடங்களில் அடுத்த வசந்தத்தில் பெரிய முட்டைகளில் மஞ்சள்கரு முட்டையின் அளவோடு ஒப்பிடும்போது சிறிதாக இருந்தது. தீனி வைத்த இடங்களில் குஞ்சுகளும் எடை குறைவாக வெளியேறின, பிழைத்ததும் குறைவு. குளிர் நாட்டுப் பறவைக்கே இந்தக் கதை என்றால், குளிரே இல்லாத ஊரில் நாம் எதற்காக இதைச் செய்ய வேண்டும்? கொழுப்பு எரிபொருள்தான், முழுச் சாப்பாடு இல்லை. வயிறு அதனால் நிறைந்துவிட்டால் புரதமும் வைட்டமினும் தேடிப் போகிற வேலை குறைந்துவிடலாம் என்பது என் ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெயில். நம் கரையில் மே மாதம் 37, 38 சாதாரணம், கடல்காற்று தாமதமாக வந்த நாட்களில் அதற்கும் மேலே. தென்னாப்பிரிக்காவின் கலகாரியில் ஒரு தவிட்டுக்குருவி இனம் இருக்கிறது, கறுப்பும் வெள்ளையுமாக, உங்கள் மாடிக்கு வருகிற தவிட்டுக்குருவியின் குடும்பமேதான். தினமும் காலையும் மாலையும் அவற்றை எடைத்தட்டில் ஏறவைத்து நிறுத்தார்கள். பகல் வெப்பம் 35.5 டிகிரியைத் தாண்டிய நாட்களில், இரவில் இழந்த எடையை ஈடுகட்டும் அளவுக்குக்கூட அவற்றால் பகலில் தின்ன முடியவில்லை. தீனி இல்லாமல் இல்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டே மண்ணைக் கிளறிப் புழு பிடிப்பது சரியாக வரவில்லை, அவ்வளவுதான். நாள் கணக்கில் வெயில் நீடித்தால் பறவை மெலிந்துகொண்டே போகும். குளிரில் மெலிவதைப் பற்றி உலகம் நிறைய எழுதியிருக்கிறது, சூட்டிலும் மெலியும் என்பது நம்மவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவர்களுடையது வறண்ட நாடு, ஈரம் சட்டென்று ஆவியாகும். நம்முடைய புழுக்கத்தில் அதுவும் மெதுவாகத்தான் நடக்கும்.

கொழுப்பு எரிந்தால் உடம்புக்குள்ளேயே தண்ணீர் பிறக்குமே என்று விவரம் தெரிந்த யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். உண்மை, 1 கிராம் கொழுப்புக்கு ஏறக்குறைய 1 கிராம் தண்ணீர். ஆனால் அந்த 1 கிராம் தண்ணீர் ஆவியாகி வெளியேற்றும் சூடு 0.6 கிலோகலோரி கூட வராது, அதை உண்டாக்க எரித்ததில் வந்த சூடோ 9. சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நஷ்டக் கணக்கு. தண்ணீர் கிடைக்காதபோது பறவை செய்வது வேறு: கனடாவில் ஒரு பூங்குருவி இனத்தை, எதிர்க்காற்றை வீசிப் பறக்கவைக்கும் ஆய்வுக்கூடக் காற்றுக் குகையில் பறக்கவிட்டபோது, வறண்ட காற்றில் பறந்தவை தசையை, உள்ளுறுப்புகளை, அதாவது புரதத்தை அதிகம் எரித்தன. புரதம் எரிந்தால் கிடைக்கும் சக்தியோடு ஒப்பிடும்போது தண்ணீர் கூடுதலாகப் பிறக்கும். தாகத்துக்குத் தன் சதையையே கரைத்துக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு நேரான பதில், எதுவும் வேண்டாம். ஆனால் கேள்வி சுவாரசியமானது. மார்கழியில் குளியலறையில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், பக்கத்திலேயே கடலை எண்ணெய் உறையாமல் இருக்கும். ஒன்றில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், இன்னொன்றில் நிறைவுறாதது அதிகம். வலசைப் பறவைகள் சேமிக்கும் கொழுப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான், சேமிப்பிலிருந்து எடுத்துத் தசைக்கு அனுப்புவது அதற்கு விரைவாக நடக்கிறது. கடற்கரை உள்ளான்கள் ஒமேகா-3 நிறைந்த இறால்பூச்சிகளைத் தின்றுவிட்டு நீண்ட தூரம் பறப்பதைப் பார்த்து, இது இயற்கையான ஊக்கமருந்து என்றுகூட ஒரு கருத்து கிளம்பியது. பாடும் பறவைகளில் சோதித்தபோது அவ்வளவு எளிதாக இல்லை. சிவப்புக்கண் விரியோ என்ற பறவைக்கு நிறைவுறாத கொழுப்பு அதிகம் கொடுத்தபோது உச்ச உழைப்பில் அது எரிக்கும் ஆக்சிஜன் கூடியது. கதிர்க்குருவி ஒன்றுக்குக் கொழுப்பின் வகையை மாற்றிக் கொடுத்துக் காற்றுக் குகையில் பறக்கவிட்ட 2019 ஆய்விலோ தசையின் நொதிகள் மாறின, பறக்கும் திறன் மாறவில்லை. எனவே ஒமேகா-3 மாத்திரையைப் பிளந்து கம்பங்குருணையில் ஊற்றுகிற யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடலாம். இருக்காது என்று சொல்ல முடியாது, யூடியூப் காலம் இது.

நம் பக்கத்தில் உண்மையிலேயே கொழுத்தாக வேண்டியவை மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்புகிற வலசைகள். புதுச்சேரி ஊசுட்டேரிப் பக்கமும் வேலியோரங்களிலும் டக், டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு கண்ணில் படாமல் திரியும் நாணல் கதிர்க்குருவி, கூட்டம் கூட்டமாக வரும் சோளப்பட்சி. கதிர்க்குருவி உங்கள் இட்லித் தட்டுக்கு வராது, அதற்குப் பூச்சி வேண்டும். பூச்சியிலேயே கொழுப்பும் புரதமும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் புழு வந்தால் மருந்தடிக்காமல் விட்டுவிடுவது, மாடியில் வைக்கிற எந்தத் தீனியையும்விட நல்ல உபகாரம். சிட்டுக்குருவி, நாள் முழுக்க அரிசி பொறுக்கினாலும் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தான். தானே புயல் 2011 டிசம்பரில் நம் இரண்டு ஊர் மரங்களையும் சாய்த்துப் போனதில் நிழலும் போயிற்று, பூச்சியும் போயிற்று. அதற்குப் பதிலாக நட்டதெல்லாம் அழகுப் பனை என்றால் குருவி அங்கே என்ன செய்யும்?

மாடிப் பறவை மெலிந்திருக்கிறதா, கொழுத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். கோடியக்கரையில் பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டுபவர்கள் கையில் பிடித்து, தொண்டைக்குக் கீழே உள்ள குழியில் சிறகை ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்புக்கு மதிப்பெண் போடுவார்கள். நீங்கள் அதெல்லாம் செய்ய வேண்டாம், பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் பிடிக்கவும் கூடாது.

மல்லாட்டை மட்டும் கொடுக்கலாம், கொஞ்சமாக, உப்பில்லாமல், உடைத்து. ஆனால் பூஞ்சை பிடித்ததை, சுருங்கிக் கறுத்ததை எடுத்துவிடுங்கள். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தீவனத்தில் கலந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு, அஃப்ளடாக்சின். நம் ஊர் ஈரக்காற்றில் அது வருவதற்கு அதிக நாள் ஆகாது. உருகி வழியும் டால்டா சிறகில் ஒட்டினால் சிறகின் வேலையே கெட்டுவிடும், வெயிலில் கெட்டுப்போன கொழுப்பு வயிற்றுக்கும் ஆகாது. காக்கைக்கு அமாவாசையன்று வைக்கும் நெய்ச்சோற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது வேறு கணக்கு. காக்கையும் அறிவியல் வகைப்பாட்டில் பாடும் பறவைதான் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்.

ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கும் கட்டிகளைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்த மாடிச் சுவரோரம், நிழல் விழுகிற இடத்தில், குருவி நின்று குடிக்கிற ஆழத்துக்கு ஒரு மண் தட்டில் தண்ணீர் வைத்து, சூடாகிவிட்டால் மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். பாசி பிடிக்காமல் தேய்த்துக் கழுவ வேண்டும். மல்லாட்டையை வைப்பதென்றால் காலை எட்டு மணிக்குள் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும்.