காப்பி விதை நெல் விதை இல்லை: இம்முறை வந்த கேள்விகள்

எத்தியோப்பியக் காட்டுக் காப்பி, அதாவது அங்கே காட்டில் தானாக முளைத்து நிற்கும் அராபிகா இனம், பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எங்கே வாங்கலாம், கிலோ என்ன விலை? நான் வியாபாரி இல்லை. மீதியிலிருந்து சில.

உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் அராபிகா செடி நிற்கிறது. அப்புறம் அழிவு, ஆபத்து என்று ஏன் பேச்சு? (கோவை)

செடிக்கணக்கு வேறு, மரபணுக் கணக்கு வேறு. எத்தியோப்பியக் காட்டிலிருந்து ஏமனுக்குப் போனதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலிருந்து ஜாவாவுக்கு, அங்கிருந்து 1706-ல் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்கு, அதன் வாரிசு ஒன்று 1714-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாக. அமெரிக்கக் கண்டத்தில் டிப்பிகா என்ற அராபிகா ரகத்தின் தோட்டங்கள் பெரும்பாலும் இந்த வழி வந்தவை. இன்னொரு கிளை ஏமனிலிருந்து ரீயூனியன் தீவுக்குப் போய் போர்பன் என்ற ரகம் ஆனது. கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் கூடியிருந்தாலும் எல்லோரும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்றால் எப்படியோ, அப்படி. ஒருவருக்கு வரும் நோய் எல்லோருக்கும் வரும். 1869-ல் இலங்கையில் இலைத்துரு என்ற பூஞ்சை நோய் கிளம்பியது, அடுத்த இருபது வருடத்தில் அந்த மலைகள் தேயிலைக்கு மாறிவிட்டன.

அராபிகா பிறவியிலேயே மரபணு வேறுபாடு குறைந்த இனம். ரொபஸ்டா, யூஜினியாய்டிஸ் என்ற இரண்டு காப்பி இனங்கள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் தற்செயலாகக் கலந்து பிறந்தது, அதிலும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். அதற்கென்று இருக்கிற கொஞ்ச நஞ்ச வேறுபாடு தென்மேற்கு எத்தியோப்பியாவின் கஃபா, ஷேக்கா, யாயு காடுகளிலும், கிழக்கே ஹாரென்னாவிலும், தெற்கு சூடானின் போமா பீடபூமியிலும்தான் நிற்கிறது.

விதையைச் சேகரித்து ஸ்வால்பார்டு பெட்டகத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததே? (சென்னை, பெங்களூரு, இன்னும் நால்வர்)

முடியாது. ஸ்வால்பார்டு என்பது நார்வேயின் வடகோடியில் உலகப் பயிர்களின் விதைகளை உறைநிலையில் காக்கும் கிடங்கு. போன தடவையும் எழுதினேன், மறுபடி எழுதுகிறேன்: காப்பி விதை நெல் விதை இல்லை. நன்றாக உலர்த்தி, மைனஸ் இருபதில் வைத்து, நூறு வருடம் கழித்து முளைக்க வைக்கிற சமாச்சாரம் இதில் நடக்காது. சாதாரணமாக வைத்தால் சில மாதங்களிலேயே முளைப்புத்திறன் சரியும். திரவ நைட்ரஜனில் உறைய வைக்கும் முறை உண்டு, செலவும் நுணுக்கமும் அதிகம். அதனால்தான் மரமாகவே நட்டு வைக்கிறார்கள். எத்தியோப்பியாவில் ஜிம்மா நகருக்குப் பக்கத்தில் சோச்சேயில் சுமார் ஐயாயிரம் மாதிரிகள், கோஸ்டாரிக்காவின் துரியால்பாவில் சுமார் இரண்டாயிரம். நட்ட மரத்துக்கு வயதாகும், பூச்சி வரும், பட்ஜெட் குறையும், செத்த மரத்தின் இடத்தில் வேறு கன்றை வைத்துவிட்டுப் பலகையை மாற்ற மறந்துவிடுவார்கள். காட்டில் நிற்கும் மரம் ஒவ்வொரு தலைமுறையும் புது நோயோடும் புது வெயிலோடும் மோதிக்கொண்டே இருக்கிறது. இப்படி நட்டு வைத்த மரபணு வங்கியில் அது நடக்காது. இரண்டும் வேண்டும், ஆனால் காடு முதலில்.

புனுகுப்பூனை தின்று போடும் காப்பி, காட்டுக் காப்பிதானே?

இல்லை. பூனைதான் காட்டிலிருந்து வந்தது. பழம் தோட்டத்துடையது.

எங்கள் அறக்கட்டளை எத்தியோப்பியக் காப்பிக் காட்டில் பத்தாயிரம் நாற்று நட நிதி திரட்டுகிறது. எந்த ரகம் நடலாம்? (நன்கொடையாளர் பட்டியலும் இணைத்திருக்கிறார்)

எந்த ரகமும் வேண்டாம். நடாதீர்கள்.

இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். ஒரு கூட்டத்தில் ‘மரம் நடுவதை எதிர்க்கும் தாவரவியலாளர்’ என்றே என்னை அறிமுகப்படுத்தினார்கள். சரி, விளக்கிவிடுகிறேன். 1971-ல் எத்தியோப்பியாவுக்குக் காப்பிக் காய்நோய் வந்தது. பச்சைக்காயே கறுத்து உதிரும். ஜிம்மா ஆராய்ச்சியாளர்கள் மருந்தைத் தேடி வெளிநாடு ஓடவில்லை, காட்டுக்குள் போனார்கள். சுற்றி எல்லாம் கறுத்து நிற்க, காய் கெடாமல் நின்ற ஒற்றை மரங்களைத் தேடி எடுத்து, சில வருடத்தில் 741 போன்ற ரகங்களைக் கொடுத்தார்கள். காட்டு மரபணு வளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனிதான் கஷ்டம். அதே ரகங்கள் நாற்றங்காலில் வளர்ந்து, காட்டுக்குள்ளேயே நடப்படுகின்றன. அராபிகா பத்துக்கு ஒன்பது பங்கு தன்மகரந்தம் என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பத்தில் ஒன்றைத் தேனீ தூக்கிக்கொண்டு போகிறது, வருடா வருடம், பக்கத்து மரத்துக்கு. தென்மேற்கில் எடுத்த மாதிரிகளில் இந்தக் கலப்பு ஏற்கெனவே தெரிகிறது. வெட்டிய காட்டைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். கலந்துபோன மரபணு எந்தப் படத்திலும் விழாது, காடு பச்சையாகத்தான் இருக்கும்.

கலப்பில்லாத காட்டில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். காப்பிச் செடி புதர் மாதிரியே இருக்காது, கட்டைவிரல் தடிமனில் இருபதடி உயரம் வெளிச்சத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். ஒன்றின் கொழுந்து செம்பு நிறம், கையெட்டும் தூரத்தில் நிற்கும் அடுத்தது வெளிர்பச்சை. ஒன்றில் நீள்காய், ஒன்றில் உருண்டை. பறிக்கிறவர் தண்டை வளைத்துப் பிடித்து, கணுவுக்கு ஒன்றிரண்டு பழமாகக் கிள்ளுவார். ஹெக்டேருக்குச் சில பத்து கிலோ தேறினால் பெரிது. அதனால்தான் கீழ்ச்செடியை அறுத்து, மேல்நிழலைக் குறைத்து, கன்று ஊன்றி அரைக்காடாக்குகிறார்கள். விளைச்சல் பல மடங்கு ஏறும். அந்த விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே. நிதி கொடுக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். யாயு உயிர்க்கோளக் காப்பகத்தில் சுமார் 1.7 லட்சம் ஹெக்டேர், அதில் கை வைக்கக்கூடாத மையக்காடு 28,000-க்குள். பணம் இருந்தால் அந்த மையத்தைச் சுற்றியிருக்கும் கிராமங்களின் காட்டுத்தேனுக்கும் கொரோரிமா என்ற எத்தியோப்பிய ஏலக்காய்க்கும் காட்டுக் காப்பிக்கும் நல்ல விலை கிடைக்க வழி செய்யுங்கள். நட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால் காட்டுக்கு வெளியே, வீட்டுத் தோட்டத்தில், தேனீ எட்டாத தூரத்தில்.

காஃபின் இல்லாத அராபிகா மரம் இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். 2004-ல் பிரேசிலில், எத்தியோப்பியாவிலிருந்து 1960-களில் சேகரித்த விதைகளின் வழிவந்த சுமார் 3,000 மரங்களைச் சோதித்து மூன்றைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் காட்டுச் சொத்து, எங்களுக்கு என்ன பங்கு என்று எத்தியோப்பியா கேட்டது. நியாயமான கேள்வி.

வால்பாறை பக்கம் சோலைக்குள் காட்டுக் காப்பி கண்டேன். படம் இணைத்துள்ளேன்.

படத்தில் உங்கள் விரல்தான் தெளிவாக இருக்கிறது. எந்த உயரம், எந்த மாதம், பூவா காயா என்று எழுதாமல் அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பெரும்பாலும் அது எஸ்டேட்டிலிருந்து பறவையும் மந்தியும் கொண்டுபோட்ட அராபிகா அல்லது ரொபஸ்டாவாக இருக்கும். அது காட்டில் இருக்கும் காப்பி, காட்டுக் காப்பி இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் காப்பி இனங்கள் உண்டு, திருவிதாங்கூர் பெயரைத் தாங்கிய திராவன்கோரென்சிஸ் போல. சின்னச் செடி. குடிக்க உதவாது, ஆனால் நம்முடையது.

மலை ஏறுகிற சூடு பற்றி ஒரு வரி?

2012-ல் வெளியான கணிப்பில், 2080-க்குள் காட்டு அராபிகாவுக்கு ஏற்ற இடங்களில் மிகக் குறைவான இழப்பே 65 சதவீதம். ஒரு வரி கேட்டீர்கள்.

நான் குடிப்பது ரொபஸ்டா கலந்த பில்டர் காப்பி. எத்தியோப்பியக் காட்டைப் பற்றி எனக்கென்ன? (கும்பகோணம்)

உங்கள் டபராவில் இருக்கும் மீதிப்பாதி அராபிகாதானே. நம் தோட்டங்களில் இருக்கும் செலக்‌ஷன் 9 என்ற அராபிகா ரகம், எத்தியோப்பியாவிலிருந்து வந்த தஃபாரிகேலா ரகத்தையும், அராபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்த தீமோர் கலப்பையும் சேர்த்து உண்டாக்கியது. எஸ்.795 என்ற இன்னொரு ரகத்தில் லைபீரிக்கா என்ற வேறு காப்பி இனத்தின் ரத்தம். ரொபஸ்டாவின் சொந்தக் காடும் காங்கோ, உகாண்டா பக்கம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது, 2019 கணக்குப்படி காப்பி இனங்கள் 124-ல் 75 அழியும் ஆபத்தில். சிக்கரி எத்தனை சதவீதம் போடலாம் என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள், அது என் துறை இல்லை.