மயக்க மருந்து ‘ஓவர்டோஸ்’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறோம். என் கணவருக்கு வயது 41. பீன்யாவில் லேத் ஆபரேட்டர், மாதம் 38,000 ரூபாய் சம்பளம். பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிந்ததால் பக்கத்து நர்சிங் ஹோமில் ராடு வைக்கச் சேர்த்தோம். முதுகில் ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகவில்லை என்று முழு மயக்கம் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்து, ‘ஹார்ட் ஒரு தடவை நின்னு வந்துடுச்சு’ என்று சொல்லி ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே 32 நாள் ஐ.சி.யூ. இப்போது பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பிள்ளைகளின் பெயர் சில நாள் நினைவிருக்கிறது, சில நாள் இல்லை. ஓனர் டாக்டர் வந்து பார்க்கவே இல்லை. மயக்க டாக்டர் யார் என்று கேட்டதற்கு நர்ஸ் சிரித்தாள். கன்னடத்தில் இருந்த தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். மயக்க மருந்து ஓவர்டோஸ் கொடுத்துவிட்டார்கள் என்று போலீசிலும் மெடிக்கல் கவுன்சிலிலும் புகார் கொடுத்து, 19 மாதமாக அலைகிறேன். பில் 2,40,000 ரூபாய். பெரும்பகுதி கம்பெனி இன்ஷூரன்ஸ் கட்டியது. இப்போது 12 லட்சம் தருகிறோம் என்று ஆள் அனுப்புகிறார்கள். எனக்குப் பணம் வேண்டாம், அந்த டாக்டர் ஜெயிலுக்குப் போக வேண்டும். 2 கோடி கேட்டு வழக்குப் போடலாமா? காலை ஆறு மணிக்கு என் கையால் ஒரு காபி குடித்துவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே பத்தரை மணிக்குத் தியேட்டருக்குள் போன மனுஷன்.

பதில்: அம்மா, நர்ஸ் சிரித்ததும் ஓனர் எட்டிப் பார்க்காததும் உங்களை எவ்வளவு சுட்டிருக்கும் என்று தெரிகிறது. ஆனால் அவற்றுக்காக எந்த நீதிமன்றமும் ஒரு ரூபாய் தராது. மனுவில் அவற்றுக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றுதான். ஆக்சிஜன் குறையத் தொடங்கிய நிமிடத்திலிருந்து இதயம் திரும்பத் துடித்த நிமிடம் வரை அந்தத் தியேட்டருக்குள் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள்?

இதில் ‘ஓவர்டோஸ்’ எங்கே வருகிறது? பெரும்பாலும் வராது. மயக்க மருந்தால் வந்த பாதிப்பு என்றாலே மருந்து கூடிவிட்டது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள், புகாரிலும் அதையே எழுதுகிறார்கள். முழு மயக்கத்தில் நடப்பது வேறு. தசைகளைத் தளர்த்தும் மருந்து போட்டதும் நோயாளி தானாக மூச்சு விடுவதை நிறுத்திவிடுவார். அங்கிருந்து அவர் மூச்சு மயக்க டாக்டர் கையில். டியூப் மூச்சுக்குழாயில் போகாமல் உணவுக்குழாயில் போயிருக்கலாம். இணைப்பு கழன்றிருக்கலாம். டாக்டர் வெளியே போயிருக்கலாம். மருந்து சரியான அளவில் இருந்தும் இவற்றில் எதுவும் நடக்கலாம். மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நான்கைந்து நிமிடம் கடந்தால் போதும், உங்கள் கணவரின் இன்றைய நிலைதான்.

கோலார் தங்கவயலிலிருந்து (கே.ஜி.எஃப்.) தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு தகப்பனார் தன் மகளுக்காக என்னிடம் வந்தார். கன்ஸ்யூமர் கோர்ட்டில் தோற்று, அப்பீலுக்காக வந்திருந்தார். முதல் மனுவில் பக்கத்துக்குப் பக்கம் ஓவர்டோஸ். ஆஸ்பத்திரி தரப்பு மயக்க மருந்துச் சார்ட்டைத் தாக்கல் செய்து, எடைக்கு இவ்வளவு மில்லிகிராம், கொடுத்தது இவ்வளவு என்று காட்டியதோடு வழக்கு முடிந்துவிட்டது. அதே சார்ட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுத வேண்டிய ஆக்சிஜன் அளவு 15 நிமிடம் காலியாக இருந்தது. நான் அதைக் காட்டி வாதாடினேன். மனுவில் சொல்லாத புது வழக்கை அப்பீலில் கொண்டுவர முடியாது என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றும் அந்தச் சார்ட்டின் நகல் என் மேஜையில் இருக்கிறது.

நீங்களும் போலீசிலும் கவுன்சிலிலும் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அது தாங்கக்கூடிய தவறுதான், ஏனென்றால் கன்ஸ்யூமர் கமிஷனுக்கு, அதாவது கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு, நீங்கள் இன்னும் போகவில்லை. அங்கே தாக்கல் செய்யும் மனுவில், ‘மருத்துவம் தெரியாததால் அப்போது அப்படி நினைத்தேன், பதிவுகளைப் பார்த்த பிறகு தெரிவது இது’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதற்கு முதலில் பதிவுகள் வேண்டும்.

நர்சிங் ஹோமில் முழு கேஸ் ஷீட், மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாள், மயக்க மருந்துச் சார்ட், அன்றைய தியேட்டர் ரிஜிஸ்டர் நான்கையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்புகை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்ட 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. ஆனால் 19 மாதம் கழித்து அவர்கள் தரும் சார்ட் எந்தப் பேனாவில், எப்போது எழுதப்பட்டதோ. ஆகவே அதற்கும் முன்னால் பெரிய ஆஸ்பத்திரியின் அட்மிஷன் நோட்டை வாங்குங்கள். அன்று ஆம்புலன்ஸில் கூடவே போன டாக்டர், ஐ.சி.யூ. டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருப்பார். சொல்லாமல் அவர்களால் சிகிச்சை தொடங்க முடியாது. இதயம் எத்தனை நிமிடம் நின்றது, டியூப் போடுவதில் சிரமம் இருந்ததா, எத்தனை முறை முயன்றார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். வழக்கு வரும் என்று நினைப்பதற்கு முன்பே எழுதிய பக்கம் அது. பல கேஸ்களில் நான் ஜெயித்ததற்குக் காரணம் அந்தப் பக்கம்தான்.

அடுத்தது, நிபுணர் கருத்து. எல்லா மருத்துவ வழக்குக்கும் அது கட்டாயமில்லை என்று 2010ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கேசில் அதை நம்பி வெறும் கையோடு போகாதீர்கள். உள்ளூர் டாக்டர்கள் தயங்குவார்கள். நமக்கு ஒரு வசதி, சேலம், கோவைப் பக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓய்வுபெற்ற மயக்கவியல் பேராசிரியர் யாரையாவது தமிழிலேயே பேசிக் கேட்கலாம். கேட்கும் விதம்தான் முக்கியம். ‘இதில் அலட்சியம் உண்டா?’ என்று கேட்டால், ‘மயக்கத்தில் இப்படி நேர்வதுண்டு’ என்று ஒரு வரி பதில் வரும். அந்த ஒரு வரி உங்கள் கேசைப் புதைத்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே போனது எத்தனை மணிக்கு? டியூப் சரியான இடத்தில் இருப்பதை உறுதி செய்யும் கேப்னோகிராஃப் இருந்ததா, அதன் அளவு சார்ட்டில் உண்டா? மார்பு அழுத்தம் தொடங்கியது எப்போது? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏன் அவ்வளவு நேரம்? இப்படி மணி, நிமிடக் கணக்கோடு கேளுங்கள். கமிஷனே விக்டோரியா போன்ற அரசு ஆஸ்பத்திரியிடம் கருத்துக் கேட்டாலும், கேள்விகளை உங்கள் வக்கீல் எழுதிக் கொடுக்க அனுமதி கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் காபி. நீங்கள் பாசத்தில் எழுதிய கடைசி வரிதான் எதிர்த்தரப்பு முதலில் தேடும் வரி. பால் கலந்த காபிக்கும் மயக்கத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் வேண்டும். உங்கள் கணக்கில் நாலரைதான். வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குப் போய்விட்டது, மனைவி கொடுத்த காபிதான் காரணம் என்பார்கள். இதை மறைத்த ஒரு கட்சிக்காரரைக் குறுக்குக் கேள்வியில் பிடித்தார்கள். அதன் பிறகு அவர் சொன்ன உண்மையையும் யாரும் நம்பவில்லை. நீங்களே மனுவில் சொல்லிவிடுங்கள்: ஆறு மணிக்குக் கொடுத்தேன், கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தியேட்டருக்குள் போகும் முன் யாரும் கேட்கவும் இல்லை. கேட்பது மயக்க டாக்டரின் கடமை. முறிந்த காலுக்குச் சில மணி நேரம் காத்திருந்திருக்கலாம். பரிசோதனைத் தாளில் ‘இரவு பத்து மணி முதல் உணவில்லை’ என்று எழுதியிருந்தால், கேட்காமலே எழுதிய தாள் அது என்று சொல்ல உங்கள் காபிதான் சாட்சி. உங்கள் மேல் தப்பு இருக்கிறதோ என்று இத்தனை நாள் உள்ளுக்குள் நினைத்திருந்தால், அந்த நினைப்பை விடுங்கள்.

கன்னடத் தாளைப் பற்றி அதிகம் இல்லை. சம்மதக் கையெழுத்து சிகிச்சைக்குத்தான், கவனக்குறைவுக்கு அல்ல. மயக்க டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வருபவர் என்று நர்சிங் ஹோம் சொல்லும். 2004லேயே உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அழைத்து வந்த ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் அவரையும் எதிர்க்கட்சியாகச் சேருங்கள். அன்று அதே நேரத்தில் அவருக்கு வேறு நர்சிங் ஹோமில் கேஸ் இருந்ததா என்ற கேள்வியை அப்போதுதான் அவரிடமே கேட்க முடியும்.

ஜெயில் பற்றிக் கேட்டீர்கள். 2005ல் உச்ச நீதிமன்றம் தந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி, குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும். வேறொரு தகுதியான டாக்டரின் கருத்து வாங்காமல் போலீஸ் மேலே போகக் கூடாது. கைது எளிதில் நடக்காது. அந்தக் கருத்து ‘பெரும் அலட்சியம் இல்லை’ என்று வந்தால், அதையே கமிஷனில் கொண்டுவந்து ‘அரசு டாக்டர்களே எங்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட்டார்கள்’ என்பார்கள். கவுன்சிலால் ஒரு ரூபாய் நஷ்டஈடு தர முடியாது. இதற்கெல்லாம் மேலான ஆபத்து, இந்த இரண்டு புகாரும் உங்கள் காலக்கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்காது. கன்ஸ்யூமர் கமிஷனுக்கு 2 ஆண்டு. உங்களுக்கு மீதி அதிகபட்சம் 5 மாதம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் கமிஷனுக்கு உண்டு. போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தேன் என்பதை அவர்கள் ஏற்பார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். 1993ல் நடந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் விட்டுப்போன துணியை 2002ல் கண்டுபிடித்து 2004ல் வழக்குப் போட்ட ஒருவருக்கு, அவ்வளவு வலியோடு இத்தனை ஆண்டு ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டு 2010ல் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

2 கோடி கேட்கலாமா என்றால், கேட்கத் தடையில்லை. எந்தக் கமிஷன் என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்டக் கமிஷன். உங்கள் பில் 2,40,000 என்பதால் தாக்கல் கட்டணமும் இல்லை. இன்ஷூரன்ஸ் கட்டியதும் நீங்கள் கட்டியதாகவே கணக்கு. ஆனால் காகிதத்தில் கேட்பது வேறு, கைக்கு வருவது வேறு. விபத்து வழக்குக் கணக்குப்படி பார்த்தால் 41 வயதுக்கு, ஆண்டுச் சம்பளத்தைப் பெருக்கும் எண் 14. சம்பளம் முழுவதும் போனது என்று வைத்தால் 38,000ஐ 12ஆலும் 14ஆலும் பெருக்க, 63,84,000. கவனிப்புச் செலவு, பிசியோதெரபி தனி. இதற்கு எதிரே 12 லட்சம் மிகக் குறைவு. அதை வாங்காதீர்கள்.

சமரசமே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் எடுத்துச் சொல்லும் ஐதராபாத் வழக்கில், 1990ல் ஆபரேஷனுக்குப் பிறகு கால்கள் செயலிழந்த இளைஞருக்கு உச்ச நீதிமன்றம் 1 கோடி கொடுத்தது 2009ல். கொல்கத்தாவில் நடந்த தவறான சிகிச்சையால் 1998ல் மனைவியை இழந்த டாக்டருக்கு ஏறத்தாழ 6 கோடி கிடைத்தது 2013ல். உங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. அட்மிஷன் நோட்டு நமக்குச் சாதகமாக இருந்து, 35 லட்சத்துக்கு மேல் ஒரே தவணையில் வருமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. நோட்டு பாதகமாக இருந்தால் அதற்கும் குறைவாக முடித்துக்கொள்வது நல்லது. டாக்டரை ஜெயிலில் பார்க்கும் ஆசையைப் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவராதீர்கள்.

ஆனால் முதலில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள், பேச்சு அதற்குப் பிறகு. நோயாளிக்கு நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தால் அதைக் கட்டுவதற்காக டாக்டர்கள் எடுத்திருக்கும் இன்டெம்னிட்டி பாலிசியில், இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று இருக்கும். வழக்கில்லாமல் ஆள் விட்டுத் தருகிற பணம் அவர்கள் சொந்தப் பணம், அதனால்தான் 12 லட்சத்தில் நிற்கிறது. பாலிசி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அந்தக் கம்பெனியையும் சேருங்கள். சமரசம் பேசி முடிக்கும் கமிஷனின் மீடியேஷன் மையத்துக்கு இந்தக் கேஸ் போகாது. மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்ட மருத்துவ வழக்குகளை 2020 விதிகளே விலக்கிவிட்டன. வக்கீல்கள் பேசி, இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாகக் கமிஷன் முன் பதிவு செய்வதுதான் வழி. உங்கள் கணவர் தானே யோசித்துக் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை. அவருக்காக நீங்கள் வழக்கு நடத்தவும் சமரசம் செய்யவும் கமிஷனின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அந்த அனுமதி இல்லாமல் வீட்டு வாசலில் நீங்கள் போடும் கையெழுத்து, நாளை அவர் உறவினர் யாராவது கேள்வி கேட்டால் உங்களையே சுட்டுவிடும். பணத்தில் பெரும்பகுதி அவர் பெயரில் டெபாசிட்டாகப் போகட்டும்.

அவர்கள் அனுப்பும் ஆள் திரும்ப வந்தால் காபி கொடுத்து அனுப்புங்கள், எந்தத் தாளிலும் கை வைக்காதீர்கள். பதிவுகளுக்கு இன்றே கடிதம் போடுங்கள். ஒரு மாதத்தில் வராவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் இருப்பதை வைத்து மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, மீதியைக் கொண்டுவரச் சொல்லிக் கமிஷனிடமே உத்தரவு வாங்கலாம்.