மொறிஸ் மைனர் காரின் சொக் அப்சோர்பருக்கு எந்த ஒயில் விடலாம்? 20டபிள்யூ-50 என்ஜின் ஒயில் விட்டால் போதும் என்கிறார் மெக்கானிக், சரியா?

சரியில்லை. மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு விடுகிற போர்க் ஒயிலில் 20 கிரேட் (தடிப்பு எண்) வாங்கி விடுங்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் என்னுடைய வயிற்றெரிச்சல், நேரம் இருந்தால் வாசியுங்கள்.

உங்கள் மெக்கானிக் எங்கே வழுக்கினார் என்று எனக்கு விளங்குகிறது. இந்தக் கார்களுக்கு வந்தது ஆம்ஸ்ட்ரோங் கம்பனியின் லீவர் சொக், பக்கத்தில் ஒரு இரும்புக் கை நீட்டி நிற்கிற வகை. அதற்கென்றே ஆம்ஸ்ட்ரோங் 624 என்று ஒரு மெல்லிய ஒயில் இருந்தது, அது கிடைக்காவிட்டால் எஸ்ஏஈ என்ற தடிப்பு அளவில் 20 அல்லது 20டபிள்யூ மினரல் ஒயில் விடலாம், கடுங்குளிருக்கு மட்டும் அது ஆகாது என்று மொறிஸ் காரைச் செய்த பிஎம்சி கம்பனியின் அந்தக் காலத்துப் புத்தகங்களில் இருக்கிறது. நம்முடைய வெயிலுக்குக் குளிர்ப் பேச்சே இல்லை. அந்த 20ஐப் பார்த்துவிட்டு 20டபிள்யூ-50 போத்தலை எடுத்துவிடுகிறார்கள். அதில் 20டபிள்யூ என்பது குளிரில் என்ஜினைக் கிளப்புகிற நேரத்துக் கணக்கு. சூட்டில் அது 50 ஒயில். 40 டிகிரியில் பார்த்தால் சாதாரண 20 ஒயிலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிப்பு.

நீங்கள் இதைக் கேட்பதே கார் பள்ளத்தில் இறங்கினால் ஆடிக்கொண்டே போகிறது என்பதற்காகத்தான் இருக்கும். எங்கள் காரும் அப்படித்தான் ஆடியது. மாமாவின் கார் அது, யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடினது, தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் ஒன்று. மாமாவுக்குக் கண் பார்வை குறைந்த பிறகு என்னிடம் வந்தது. நான் கொழும்பில் வேலையாய் நின்ற நேரம் தம்பி ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டான், அவர்கள் பின் சொக் இரண்டுக்கும் 90 கியர் ஒயிலை அடித்து விட்டார்கள். “தடிப்பாய் இருந்தால் ஆடாது தம்பி” என்றார்களாம். ஆடவில்லைதான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சின்னக் குழிக்கும் பின்பக்கம் துள்ளத் தொடங்கியது, சொக்கின் கையைப் பின் அச்சோடு இணைக்கிற லிங்கின் றப்பர் கிழிந்தது, பிறகு கை பூட்டியிருக்கிற தண்டுப் பக்கத்தால் ஒயில் வடியத் தொடங்கியது. போய்க் கேட்டால் “ஐம்பது அறுபது வருசத்துக் கார் என்றால் அப்படித்தான்” என்று பதில், காசு மட்டும் புதுக் காருக்கு வாங்குகிற காசு.

அந்தச் சொக்குக்குள் நடப்பது இதுதான். உள்ளே இரண்டு பிஸ்டன், சொக்கின் கை ஏறி இறங்கும்போது ஒயில் ஒரு பக்கத்தால் மறுபக்கம் வால்வுக்குள்ளால் நெருக்கிப் போகிறது. எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாய் அந்த வால்வு. ஒயிலைத் தடிப்பாக்கினால் ஏற்றம் இறக்கம் இரண்டும் சேர்ந்து விறைக்கும், அந்த விறைப்பு முழுவதும் லிங்கிலும் தண்டிலும்தான் போய் இறங்கும். பெரும்பாலும் ஆட்டத்துக்குக் காரணம் ஒயில் குறைந்து உள்ளே காற்றுப் புகுந்ததுதான். பின் லிங்கைக் கழற்றிவிட்டுச் சொக்கின் கையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், இடையில் ஒரு இடத்தில் பிடியே இல்லாமல் சும்மா போனால் காற்று.

நான் பின் சொக் இரண்டையும் கழற்றி, பழைய கறுப்பு ஒயிலை வடித்து, புது ஒயில் கொஞ்சம் விட்டு அலசி ஊற்றிவிட்டுப் பிறகு நிரப்பினேன். மூடியைத் திறக்க முன்னம் அந்த இடத்தை நன்றாகத் துடைக்க வேண்டும், ஒரு மணல் உள்ளே போனாலும் வால்வுக்குக் கேடு. சொக்கை நிமிர்த்தியே வைத்து, அதன் கையை முழுத் தூரத்துக்கும் மெதுவாய் அசைத்து அசைத்து விட வேண்டும். மூடியின் புரிக்குக் கீழ் மட்டும்தான் ஒயில் நிற்கலாம். அவசரப்பட்டால் நுரைக்கும்.

போர்க் ஒயிலிலும் ஒரு சிக்கல். ஒரு கம்பனியின் 15, இன்னொரு கம்பனியின் 20 அளவு தடிப்பாய் இருக்கும், அந்த எண்களுக்குப் பொது அளவு இல்லை. விபரத் தாளில் 40 டிகிரியில் 50 முதல் 70 சென்டிஸ்டோக்ஸ் (ஒயிலின் தடிப்பை அளக்கிற அலகு) என்று இருந்தால் வாங்கலாம். ஐஎஸ்ஓ 68 ஹைட்ரோலிக் ஒயிலும் அந்தத் தடிப்புத்தான். ஜாக்கி ஒயில் அனேகமாய் இதைவிட மெல்லிசு. பிறேக் ஒயில் மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கிற சீல் மினரல் ஒயிலுக்கானது, பெயின்ற்றில் சிந்தினாலும் உரித்துவிடும்.

இப்போது ஒருவர் வந்து “என் அப்பா காலம் முழுக்க என்ஜின் ஒயில்தான் விட்டார்” என்று எழுதுவார். அவர் விட்டது அந்தக் காலத்து ஒற்றைக் கிரேட் 20 ஆக இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. இன்னொருவர் “ரெலிஸ்கோப்பிக் சொக் போடு” என்பார், இப்போதைய கார்களில் வருகிற குழாய் வகையைச் சொல்கிறார். பின்பக்கம் போடுங்கள், உங்கள் இஷ்டம். முன்பக்கம் அந்த லீவர் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை, அதைத் தூக்கிவிட்டுச் சக்கரத்தை எதில் பிடிப்பது? நான் மெக்கானிக் இல்லை, சொந்தக் காரைத் தொட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு இந்தக் கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. அதுவரை “தகர டப்பா” என்று சிரித்த சொந்தக்காரர்கள் இப்போது கலியாணப் படம் எடுக்கக் கேட்டு வருகிறார்கள். காரைக் கொடுத்தால் மாப்பிள்ளை பொம்பிளை இருவரையும் மட்கார்ட்டில் ஏற்றி இருத்துகிறார் கமராக்காரர், பின் சீற்றில் ஐந்து பேர். ஒயில் என்ன கிரேட் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒயில் விட்ட பிறகும் தண்டுப் பக்கத்தால் வடிந்தால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டாம், சீல் போய்விட்டது, திருத்தினதுதான் வாங்க வேண்டும். முன் சொக்கைக் கழற்றுவதென்றால் கீழ்க் கைக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத் தொடுங்கள், அந்த நேரத்திலேயே ட்ரணியனுக்கும் (முன் சக்கரம் திரும்புகிற புரி மூட்டு) கிறீஸ் அடித்துவிடுங்கள், மைனரில் முன் சக்கரம் மடிந்து விழுவது பெரும்பாலும் அது கிறீஸ் இல்லாமல் தேய்ந்து போவதால்தான்.