நவஹோ கைடோட செம்பாறை தேசம்: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவுல நவஹோங்கிற பழங்குடி மக்களோட நிலத்துல இருக்கிற ரெண்டு இடத்தை பத்தி நிறைய பேர் கேக்குறாங்க: ஆண்டிலோப் கேன்யன்ங்கிற குறுகலான பாறை இடுக்கு (அப்பர், லோயர்னு ரெண்டு பகுதி), அப்புறம் பெரிய பெரிய செம்பாறைங்க நிக்கிற மானுமென்ட் வேலி. அரிசோனால இருந்து அஞ்சாறு தடவை போய்ட்டு வந்தவன், தெரிஞ்சதை சொல்றேன், கேளுங்க.

கே: அண்ணா, ஆண்டிலோப் கேன்யனுக்கு கைடு இல்லாம நாமளே போக முடியாதா? காசு ரொம்ப கேக்குறாங்க.

முடியாது தம்பி. அது நவஹோ மக்களோட நிலம், 1997லேர்ந்து கைடோட மட்டும்தான் உள்ள விடுறாங்க. அதே வருஷம் ஆகஸ்ட் 12ல லோயர் கேன்யன்ல திடீர் வெள்ளம் வந்து 11 பேர் செத்துட்டாங்க, மழை பெஞ்சது பல மைலுக்கு அந்தாண்ட, தண்ணி மட்டும் இந்த இடுக்குக்குள்ள பாஞ்சு வந்துடுச்சு. அப்பர் கேன்யனுக்கு நவஹோ மக்கள் வச்ச பேருக்கே பாறை வழியா தண்ணி ஓடுற இடம்னுதான் அர்த்தம். வானத்தை பாத்து கைடு கிளம்புன்னு சொன்னா, போட்டோவை விட்டுட்டு உடனே கிளம்பிடுங்க.

கே: அம்மாவுக்கு முட்டி வலி. அப்பரா லோயரா?

அப்பர்தான்க்கா. உள்ள மணல் தரை சமமா இருக்கும், ஆனா திரும்பி வர்ற வழில படிக்கட்டு இருக்கு, புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க. லோயர்ல செங்குத்தா இரும்பு ஏணி, சில இடத்துல கால் வைக்கவே ஒரு அடி அகலம்தான், அம்மாவுக்கு வேணாம்.

கே: டூர் டைம் குழப்புதே?

எல்லாரும் மாட்டுற இடம் இது! கோடைல நவஹோ நேஷன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கும், மத்த அரிசோனா வைக்காது. ஆண்டிலோப் டூர் பக்கத்துல இருக்கிற பேஜ்ங்கிற ஊரோட டைம்ல, அதாவது அரிசோனா டைம்ல நடக்கும், மானுமென்ட் வேலி நவஹோ டைம், கோடைல அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் கூட காட்டும். போன் ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறி காட்டும், நம்பாதீங்க.

கே: மானுமென்ட் வேலில 17 மைல் ரோட்டை நாமளே ஓட்டலாமாமே, அப்புறம் எதுக்கு கைடு?

ஓட்டலாம், மண் ரோடு, சின்ன கார்னா அடி தட்டும். ஆனா ரோட்டை விட்டு இறங்கி பிக் ஹோகன்ங்கிற குகை மாதிரி பாறை பக்கம் போகணும்னா கைடு வேணும். அங்க எங்களை கூட்டிட்டு போன நவஹோ கைடு, ஒரு பெரியவர், சாய்வான பாறைல படுத்து மேல பாருங்கன்னார், உச்சில ஒரு ஓட்டை, அது வழியா வட்டமா நீல வானம், அவர் சன்னமா பாட ஆரம்பிச்சதும் அந்த குரல் பாறை முழுக்க சுத்தி வந்துச்சு, என் பொண்ணு என் கைய இறுக்கி புடிச்சிக்கிட்டா. திரும்புறப்ப ஒரு பிக்கப் வண்டி தண்ணி டேங்கோட எதிர்ல போச்சு. இங்க நிறைய வீட்டுக்கு குழாய் தண்ணி கிடையாது, இப்படித்தான் கொண்டு போறோம்னு சொன்னார். மனுஷங்க குடியிருக்கிற இடம்ங்க அது, தனியா ஓட்டிட்டு வந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது.

கே: நேஷனல் பார்க் பாஸ் செல்லுமா? டிரோன்?

ரெண்டும் நடக்காது. சரக்கும் கொண்டு போகாதீங்க, நவஹோ நிலத்துல தடை. அங்க இருக்கிறவங்களை போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, முகம் சுளிச்சா கேமராவை இறக்கிடுங்க.