பள்ளி மைதானத்துக் கறுப்புக் குருணை: பிரான்சுக்குப் புதிதாக வந்த ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பாரிசின் வடபுறப் புறநகருக்கு வந்து ஏழு மாதங்கள்தாம் ஆகின்றன என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு வயது மகன் கொலேஜ் என்ற நடுநிலைப் பள்ளியின் விளையாட்டு வகுப்புக்கும், புதன்கிழமைக் கால்பந்துப் பயிற்சிக்கும் ஒரே செயற்கைப் புல் மைதானத்துக்குத்தான் போகிறான். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றினால் கறுப்பு மணிகள் கூடமெங்கும் சிதறுகின்றன. அது பழைய டயரைப் பொடித்தது, புற்றுநோயைக் கொண்டுவரும் என்று ஊரிலிருந்து ஒரு காணொளி அனுப்பியிருக்கிறார்கள். பையனை நிறுத்திவிடலாமா, யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் குடியிருப்பு அட்டைக்கு ஏதும் இடைஞ்சல் வருமா என்பவை உங்கள் கேள்விகள்.

நிறுத்த வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிரான்சில் வாழ்ந்து, இரண்டு பிள்ளைகளை அதே மாதிரி மைதானங்களில் விளையாடவிட்டு வளர்த்தவள் என்ற முறையில், காணொளி சொல்வதைவிட அது சொல்லாமல் விட்ட வெயிலும் தோலும்தாம் எனக்கு அதிகக் கவலை தந்தன.

இதைக் கடலூரிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் விடுமுறைக்கு மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் கேள்வி வந்த மறுநாள், அக்கா மகன் நண்பர்களோடு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடும் டர்ஃப் என்ற செயற்கைப் புல் மைதானத்துக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பிற்பகல் மூன்று மணி. வெயிலில் கிடந்த பச்சைத் தரையில் உள்ளங்கையை வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். வேலிக்கு வெளியே, அதே வெயிலில் கிடந்த மண்தரையில் கையை வைத்துக்கொண்டே இருக்க முடிந்தது. பிள்ளைகள் இந்த நேரத்தில் ஆட மாட்டார்கள், ஆறரை மணிக்கு மேல் விளக்குப் போட்டுத்தான் ஆடுவார்கள் என்று அங்கே இருந்த காவலாளி சொன்னார். பிரான்சில் பள்ளிகள் இந்தக் கணக்கை இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. விளையாட்டு வகுப்பு கால அட்டவணையில் மதியம் இரண்டு மணி என்றிருந்தால், ஜூன் மாதத்திலும் பெரும்பாலும் அது இரண்டு மணிதான்.

அந்தத் தரை என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். அடியில் சரளைக்கல் படுகை. அதன்மேல் பாலிஎதிலீன் இழைகளைத் தைத்த ஒரு விரிப்பு. இழைகள் சாயாமல் நிற்பதற்காக இடையில் மணல். அந்த மணலுக்கு மேல், விழுந்தால் மெத்தென்றிருக்கவும் பந்து இயல்பாகத் துள்ளவும் தூவிய குருணை. நம் வீட்டு நொய்யரிசி அளவில் இருக்கும் அந்தக் கறுப்பு மணிதான் உங்கள் கூடத்தில் சிதறுவது. ஒரு முழு அளவுக் கால்பந்து மைதானத்துக்கு இது ஏறத்தாழ நூறு டன் தேவைப்படும் என்றால், எத்தனை ஆயிரம் டயர் ஒரு மைதானத்தில் கிடக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எல்லா மைதானத்திலும் இதுதான் என்றில்லை. பழுப்பு நிறத்தில், நசுக்கினால் இலேசாக இருந்தால் தக்கை. சில ஊர்களில் அரைத்த ஆலிவ் விதை. சில இடங்களில் தக்கையோடு தென்னை நாரும் கலந்திருக்கும். கடலூர்க்காரியாகிய எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

வெயிலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 2019 ஜூன் கடைசி வாரத்தில் பிரான்சின் தெற்கே வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது. வெப்பம் தாங்காது என்று அரசே, கொலேஜ் முடிவில் எழுதும் பிரெவே தேர்வை நாடு முழுவதும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தது. அப்படியிருந்தும் என் மகள் ஆடிய மன்றம் அந்தச் சனிக்கிழமை போட்டியை நடத்தியது. காலையில் தண்ணீர் பீய்ச்சிவிட்டோம், தரை குளிர்ந்திருக்கிறது என்று பயிற்சியாளர் உறுதி சொன்னார். பதினொரு மணிக்குப் பந்தைத் தடுக்கச் சறுக்கியவளுக்குத் தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்தது. அது சிராய்ப்பா, சூட்டுக்காயமா என்று மருந்துக்கடைப் பெண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

தண்ணீர் விஷயத்தில் பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் உதவும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 2002இல் தங்கள் மைதானத்திலேயே அளந்து பார்த்தார்கள். அரை மணி நேரம் நீர் பாய்ச்சியதும் 79 டிகிரியில் இருந்த தரை 29 டிகிரிக்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49 ஆயிற்று. இருபது நிமிடத்தில் 73க்குத் திரும்பிவிட்டது. காற்று 37 டிகிரியாக இருந்த ஒரு நாளில் தரை 93 டிகிரியைத் தொட்டது. பக்கத்திலிருந்த இயற்கைப் புல்லோ, சராசரியில் காற்றைவிடச் சற்றுக் குளிர்ச்சியாகவே இருந்தது. புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக் இழைக்கும் கறுப்பு ரப்பருக்கும் அந்த வழி கிடையாது. சில்வர் பீச் மணலில் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் ஓடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முப்பது டிகிரிக்கு மேல் போகும் நாளில், காலை பத்து மணிக்குள்ளோ மாலையிலோ பயிற்சியை வைக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்படாதீர்கள். ஆசிரியர் உடன்படாவிட்டால், அன்றைக்கு மட்டும் அனுப்பாமல் விட்டு, காரணத்தைக் குறிப்பேட்டில் நேராக எழுதிவிடுங்கள். நான் எழுதியிருக்கிறேன், யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

இனி காணொளிக்கு வருகிறேன். புற்றுநோய்ப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். அங்கே ஒரு கால்பந்துப் பயிற்சியாளர், நோயுற்ற ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தொகுத்தார். அவர்களில் இலக்குக் காப்பாளர்கள் அதிகமாக இருந்ததைக் கண்டு கவலைப்பட்டார். தரையில் விழுந்து புரள்கிறவர்கள் அவர்கள்தாமே என்ற சந்தேகம் நியாயமானது. அம்மாநில நலத்துறை அந்தப் பட்டியலை எடுத்து ஆராய்ந்து, 2017இல் அறிக்கை வெளியிட்டது: அவ்வயது ஆட்டக்காரர்களிடையே இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட அந்தப் பட்டியலில் இருந்த எண்ணிக்கை குறைவு. அதே ஆண்டு ஐரோப்பிய ரசாயன முகமை, குருணையால் வரக்கூடிய ஆபத்து மிகக் குறைவு என்று மதிப்பிட்டது. பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஆன்செஸும் 2018இல் மனித உடல்நலம் குறித்து ஏறக்குறைய இதையே சொல்லி, மண்ணுக்கும் நீருக்கும் கேடு நேரலாம் என்பதையும், தரவுகளில் இடைவெளிகள் இருப்பதையும் சேர்த்துச் சொன்னது. காணொளியில் வாஷிங்டன் பட்டியல் மட்டும் வருகிறது. பிறகு வந்தவை வருவதில்லை.

இதைக் கேட்டு முழு நிம்மதி அடைய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சிப்காட் ரசாயன ஆலைகளின் காற்று வீசும் இரவுகளில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்த ஊர்க்காரி நான். ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை முதலில் கேட்டதும் நம்பிவிடும் பழக்கம் எங்களுக்கு இல்லை. டயரில் தார், புகைக்கரி வகையைச் சேர்ந்த சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்பதில் சந்தேகமில்லை. உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியமும் சும்மா இருந்துவிடவில்லை. அந்தச் சேர்மங்களில் எட்டின் மொத்த அளவு, ஒரு கிலோ குருணைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் அதை மைதானத்துக்கென்று விற்கக் கூடாது என்ற விதி 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த வரம்பு, ஒவ்வொரு சேர்மத்துக்கும் தனித்தனியே நூறு அல்லது ஆயிரம் மில்லிகிராம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: விதி வருவதற்கு முன்பே கொட்டிய குருணையை அது தொடாது. எனவே உங்கள் மகனின் மைதானம் எந்த ஆண்டு போடப்பட்டது, கடைசியாக எப்போது குருணை நிரப்பப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது, காணொளியைப் பத்து முறை பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இதற்கு மேலும் ஒரு சட்டம் 2023இல் வந்தது. ஐரோப்பாவில் இத்தகைய மைதானங்களிலிருந்து ஆண்டுக்கு 16,000 டன் வரை குருணை மழைநீரோடும் காலணியோடும் வெளியேறுகிறது என்ற மதிப்பீட்டின் பேரில், பிளாஸ்டிக், ரப்பர் குருணை விற்பனையை 2031 அக்டோபர் முதல் அறவே தடை செய்திருக்கிறார்கள். போட்டு முடித்த மைதானத்தைப் பெயர்த்தெடுக்கச் சொல்லவில்லை. புதிதாக வாங்கி நிரப்ப முடியாது, அவ்வளவுதான்.

தோல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அலட்சியம் கூடாது. 2003இல் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆடும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் 58 பேரில் ஐவருக்கு, மெத்திசிலின் என்ற மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு கிருமியால் சீழ்க்கட்டி வந்தது. எல்லாக் கட்டிகளும் செயற்கைப் புல்லில் உராய்ந்து தோல் உரிந்த இடங்களிலேயே வந்தன. கிருமி புல்லில் பிறந்ததன்று. ஒருவர் துண்டை மற்றவர் எடுத்துத் துடைத்ததும், காயங்களை மூடாமல் விட்டதும்தான் அதைப் பரப்பின. உங்கள் மகனுக்குத் தனித் துண்டு, தனித் தண்ணீர்ப் புட்டி இருக்கட்டும். உராய்ந்த இடத்தை அன்றே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, குருணை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, மூடிவிடுங்கள். மஞ்சள் அப்ப வேண்டாம். அடியில் சீழ் வைத்தால் தெரியாமல் போய்விடும். காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வலி கூடினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

காலணி வாங்கும்போது கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். திருகிப் பொருத்தும் உலோகக் குமிழ் கொண்டதை ‘விசே’ என்பார்கள். அது இயற்கைப் புல்லுக்கு. அடியோடு சேர்த்து வார்த்த குட்டைக் குமிழ்கள் கொண்ட ‘மூலே’ வகையைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். நீண்ட குமிழ் இந்தத் தரையில் சிக்கிக்கொள்ளும். கால் நிற்க, உடல் திரும்ப, முழங்கால்தான் அந்த முறுக்கை வாங்கிக்கொள்ளும்.

வீட்டுக்குள் சிதறும் குருணைக்கு நம் ஊர் வழக்கமே போதும். கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால், கிணற்றடியில் கால் கழுவாமல் அம்மா எங்களை நடையில் ஏறவிட்டதில்லை. அடுக்குமாடியில் கிணற்றடிக்கு எங்கே போவது? கதவுக்கு வெளியே ஒரு பழைய தட்டை வைத்து, காலணியையும் காலுறையையும் அதில் உதறச் செய்யுங்கள். சேர்ந்ததைக் குப்பையில் போடுங்கள், கழிவுநீரில் கொட்டாதீர்கள். சாப்பிடுமுன் கை கழுவுவதும், வாயில் மணி போனால் விழுங்காமல் துப்புவதும், ஐரோப்பிய ரசாயன முகமை ஆட்டக்காரர்களுக்குச் சொன்ன அறிவுரைகள். வீட்டில் தவழும் சிறு குழந்தையும் இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். குருணை விஷயத்தில் எனக்கு மகனைவிட அவளைப் பற்றித்தான் யோசனை. தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகும் வயது அது.

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு: மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகத்திடம். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. கொலேஜ் மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது என்றாலும், அது பயன்படுத்தும் மைதானம் பெரும்பாலும் ஊராட்சியுடையதாக இருக்கும். மைதானம் போட்ட ஆண்டு, குருணையின் வகை, கடைசியாக நிரப்பிய தேதி, ஆய்வகச் சோதனை அறிக்கையின் நகல் ஆகிய நான்கை மட்டும் கேட்டு, பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். இங்கே 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததைப் போல, அங்கே 1978 முதலே நிர்வாக ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஒரு மாதம் பதில் வராவிட்டால் மறுத்ததாகப் பொருள்; அதன்பின் இரண்டு மாதத்துக்குள் ‘காதா’ என்ற ஆணையத்திடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. கேட்பவர் எந்த நாட்டுக் குடிமகள் என்பதை அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. உங்கள் குடியிருப்பு அட்டைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால், வகுப்பின் பெற்றோர் பிரதிநிதியிடம் கொடுங்கள். என் அனுபவத்தில், புதிதாக வந்தவரின் கடிதம் என்று யாரும் ஒதுக்கியதில்லை. நீளமான கடிதத்தைத்தான் ஒதுக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு நான் பாரிஸ் திரும்புகிறேன். கடிதத்தை எழுதிவிட்டு எனக்கு ஒரு படி அனுப்புங்கள். பிரெஞ்சில் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன். அறிக்கை வந்ததும் அதன் எல்லாப் பக்கத்தையும் படித்துக் குழம்ப வேண்டாம். ‘ஆஷ் ஆ பே’ (HAP) என்ற மூன்றெழுத்துக்கு, அதாவது நான் மேலே சொன்ன தார், புகைக்கரி வகைச் சேர்மங்களின் பிரெஞ்சுச் சுருக்கத்துக்கு எதிரே எட்டின் மொத்தம் என்று ஒரு வரி இருக்கும். அங்கே உள்ள எண் இருபதுக்கு மேலா, கீழா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்து அக்கா