பெயிண்ட் பிரஷை கீழே வையுங்கள்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் விமான உதிரிபாகங்கள் செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பாகங்கள் போர் விமானங்களுக்கும் போகின்றன. சி.எஸ்.ஆர். (நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு) என்று சில சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிக்கு அழைத்துப்போவார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்போம், நோட்டு கொடுப்போம், படம் எடுப்போம். திரும்பி வரும்போது மனசு வெறுமையாக இருக்கிறது. இது பிராயச்சித்தமா? ஏவுகணைக்கான பொருளில் கலாம் நடக்க முடியாத குழந்தைகளுக்குக் காலைத் தாங்கும் காலிப்பர் செய்ததுபோல நாமும் செய்ய வேண்டாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரச் சேவைக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பிராயச்சித்தத்தை விடுங்கள். வரி கட்டுகிற நானும் அந்த விமானத்தில் பங்குதாரன்தான். பாவத்தை உங்கள் ஒருவர் தலையில் மட்டும் ஏற்ற முடியாது.

கலாம் கதையைப் பாதிதான் சொல்கிறீர்கள். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையிலிருந்து ஓர் எலும்பு மருத்துவர் ஆய்வகத்துக்கு வந்தார். அந்தப் பொருளைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசா என்று அசந்து, கலாமைத் தன் நோயாளிகளிடம் கூட்டிப்போனார். மூன்று கிலோவுக்கு மேல் கனத்த உலோகக் காலிப்பருக்கு 300 கிராமில் மாற்று வந்தது அதன்பிறகுதான். தேவை இருந்தவர் கேட்டார், தொழில் தெரிந்தவர்கள் செய்தார்கள். யாரும் வேலையை விடவில்லை.

என்னை உறுத்தியது அந்தச் சுவர்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் பாகத்தைத் தள்ளிவிடும் ஆள் நீங்கள். உங்கள் கையில் எதற்குப் பெயிண்ட் பிரஷ்? அந்த ஊரிலேயே பெயிண்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலியாவது கிடைத்திருக்கும். 2013 கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களைச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சொன்னாலும் சொன்னது, தொண்டுக்கும் ரிப்போர்ட், போட்டோ, டீ-ஷர்ட் எல்லாம் வந்துவிட்டன. பணம் போகட்டும், நல்லதுதான். ஆனால் நீங்கள் போய்வந்த சனிக்கிழமையில் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்தது?

திருச்சி பக்கம் திருவெறும்பூரில் என் சித்தப்பா துப்பாக்கித் தொழிற்சாலையில் டூல்ரூம் ஃபிட்டர். உள்ளே என்ன செய்கிறார் என்று சித்திக்கே தெரியாது; கேட்டால் "இரும்பு" என்பார். ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தால் திண்ணையில் ஐ.டி.ஐ. பையன்கள் காத்திருப்பார்கள். சொந்தக் காசில் வாங்கிய நுண்ணளவுக் கருவிகள் இரண்டு: ஒரு மைக்ரோமீட்டர், ஒரு வெர்னியர். ஒரே சைக்கிள் பால்ரஸை எல்லோரையும் அளக்கச் சொல்வார். ஆளுக்கு ஓர் அளவு வரும். யாரையும் தப்பு என்று சொல்லமாட்டார். "நீ நெரிக்கிறடா. அது கழுத்தா? பின்னாடி இருக்கற ராட்செட்டைத் திருகு, டிக் டிக்னு கேட்டா விட்ரு" என்பார். மறுபடி அளந்தால் எல்லா எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அப்போது அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அவர்களில் சிலர் அப்ரண்டிஸாகி அதே ஃபேக்டரிக்குள் போனார்கள், சிலர் பக்கத்திலிருக்கும் பெல் (BHEL) ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளுக்கு.

அதைத் தொண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் சித்தப்பா முறைத்திருப்பார். அவர் அங்கே குடியிருந்தார், அவ்வளவுதான். பையன்களின் அப்பாக்களை மளிகைக் கடையில் பார்ப்பார், சங்கக் கூட்டத்தில் பார்ப்பார். ஒருநாள் சொல்லிக்கொடுக்காவிட்டால் மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஏசி பஸ்ஸில் இறங்கி ஏசி பஸ்ஸில் ஏறுகிறீர்கள். வெறுமை வராமல் என்ன செய்யும்?

ராணுவத் தளவாடத் தயாரிப்புக்காகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தையும் சேர்த்து அறிவித்திருக்கிறார்கள். கம்பெனிகள் வரும். பக்கத்து ஊர்ப் பையனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாவிட்டால் அவனுக்குக் கேட்டில் செக்யூரிட்டி வேலைதான் கிடைக்கும். இதை உங்கள் எச்.ஆரிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள்?

வேலையை விடாதீர்கள். விட்டுவிட்டு வந்தால் உங்களிடம் கொடுக்க என்ன இருக்கும், நல்ல மனசைத் தவிர? உங்கள் ஸ்டோரில் காலிபரேஷனில், அதாவது அளவுச் சரிபார்ப்பில், தேறாமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய வெர்னியர்கள் கிடக்கும். விமானத்துக்கு ஆகாது, பழகுகிற பிள்ளைக்கு தாராளமாகப் போதும். முறைப்படி எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதே பள்ளிக்கு, பேனர் இல்லாமல், வாராவாரம் போங்கள்.